தர்ஷினி வீட்டில் நாய் இல்லை

1

காரைக்காலிலிருந்து பிரான்சுக்கு வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் முடிகிறது. ஒவ்வொரு வருடமும் நான் வந்திறங்கிய தேதியில் என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் சின்னதாக ஒரு கேக் வாங்கி வருவார். கல்யாண நாள் அவருக்கு மறந்துபோகும், இது மறக்காது. வயிற்றுப் பிள்ளையோடு என்னை ஊரில் விட்டுவிட்டு, என் காகிதங்கள் சரியாகும்வரை இங்கே ஒன்றரை வருடம் தானே பொங்கித் தின்ற மனிதர். அதனால் இருக்கலாம்.

கேக்கை வெட்டிக்கொண்டே அவர் எங்கள் மகள் மெலனியிடம் என் பெருமையை எடுத்துவிட்டார்.

“ஒங்கம்மா அங்க பெரிய டீச்சர், தெரியும்ல? அவங்க கிளாசுக்குள்ள நுழைஞ்சா ஒரு சத்தம் இருக்காது.”

மெலனிக்குப் பத்து வயது. ஒரு வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து விமானம் ஏறியவள். நாம் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும், பதில் பிரெஞ்சில்தான் வரும். அன்றும் பிரெஞ்சில்தான் சொன்னாள்.

“இப்பவும் டீச்சர்தான். அதுதான் பிரச்சினையே.”

ஆரோக்கியம் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஊரில் இருபத்தெட்டுப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கும் அது தெரிய வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2

இங்கே நான் டீச்சர் இல்லை. வந்த புதிதில் என் பி.எட். சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பணி அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து முத்திரை வாங்கி ஒரு நீலக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். பிரெஃபெக்தூர் என்றால் நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. அங்கே ஒரு ஜன்னல், அங்கிருந்து கல்வித்துறையில் ஒரு ஜன்னல், அங்கிருந்து இன்னொரு ஊரில் இன்னொரு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு காகிதம் குறையும். அந்தக் காகிதத்தை ஊரிலிருந்து வரவழைப்பதற்குள் மற்றொரு காகிதத்துக்கு வயதாகிவிடும். மூன்றாம் வருடம் கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். உங்கள் படிப்பை நாங்கள் மதிக்கிறோம், ஆனால் அதைக்கொண்டு இங்கே பாடம் நடத்த முடியாது.

அதனால் மெலனி படிக்கும் பள்ளியிலேயே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். வரிசையில் நிற்க வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, காய்கறியை ஒளித்து வைப்பவர்களைக் கண்டுபிடிப்பது. முதல் வாரம் ஆறு வயசுப் பொடியன்களையெல்லாம் பெரிய மனிதர்களைக் கூப்பிடுகிற மாதிரி ‘நீங்கள், தாங்கள்’ என்று கூப்பிட்டுவிட்டேன். வகுப்பில் பாடப் புத்தகத்தில் படித்த பிரெஞ்சு அது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மந்திரியைப்போல உருளைக்கிழங்கு கேட்டான்.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். மெலனி வர நாலரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரம்தான் என்னுடையது. சமையலறை மேசையில் காப்பியை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். வெளியே டிராம் போகும், சாம்பல் நிறத்தில் வானம் இருக்கும், நான் அங்கே இருக்க மாட்டேன். அரசலாற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரைச் சாலையில் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பாரதியார் வீதியில் தொடங்கி இரண்டு பக்கமும் உள்ள கடைகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் பெயர்ப்பலகையோடு வாசித்துக்கொண்டே போனேன். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. கதவு மணி அடித்தபோதுதான் பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் நான்காவது மாடியில் இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

3

போன செப்டம்பரில் மெலனியின் வகுப்பாசிரியை சோஃபி வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கினார். வீட்டுப்பாட நோட்டுக்குப் பதிலாக அது. வாரம் நான்கு பிள்ளைகள் முறை வைத்து எழுதுவார்கள். கண்ட படம், செத்துப்போன முயல், அண்ணனோடு போட்ட சண்டை, எதுவானாலும் சரி. மற்றப் பிள்ளைகள் அடியில் கருத்துப் போடுவார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் போட முடியாது. கருத்துக்குள் ஒரு கேள்வி இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் டீச்சர் அதை வெளியிட மாட்டார். இந்தக் கேள்விச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மெலனி பள்ளியில் என்ன செய்கிறாள் என்பதை அவள் வாயைக் கிளறித் தெரிந்துகொள்வதைவிட வலைப்பூவில் படித்துத் தெரிந்துகொள்வது எளிதாகவும் இருந்தது.

பெற்றோர் கூட்டத்தில் சோஃபி, வேறு நாட்டு வகுப்பு ஒன்றோடு சேர்ந்து எழுதினால் நன்றாயிருக்கும் என்றார். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஒன்பது வருடத்தில் ஒரு கூட்டத்தில் நான் கையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. என் பழைய பள்ளி, என்னோடு வேலை பார்த்த பாத்திமா டீச்சரின் ஐந்தாம் வகுப்பு, அவர்கள் தமிழில் எழுதட்டும், நான் பிரெஞ்சில் மாற்றித் தருகிறேன். இங்கே எழுதுவதைத் தமிழில் மாற்றி அங்கே அனுப்புகிறேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. மெலனி அன்று இரவுச் சாப்பாட்டில் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதற்காக நான் எதையும் செய்திருப்பேன்.

ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வலைப்பூவுக்கான ஒப்பந்தம், இரண்டு பக்கம். இந்த ஊரில் காகிதத்தைக் கண்டால் பேனாவைத் திறக்கும் கைதான் முதலில் நீளும். படிக்காமலே போட்டேன்.

4

நவம்பரில் பாத்திமா தன் பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினார். தலைப்பு ‘எங்கள் ஊர்’. இருபத்தெட்டுப் பக்கம். ஆசை ஆசையாகத் திறந்தேன்.

‘முன்னுரை: இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊர் காரைக்கால் ஆகும். இது அரசலாற்றின் கரையில் அமைந்துள்ளது.’ அடுத்து அம்மையார், மாங்கனித் திருவிழா, திருநள்ளாறு, கலங்கரை விளக்கம். ‘முடிவுரை: எனவே நாமும் நம் ஊரின் பெருமையைக் காப்போமாக.’

இரண்டாவது பக்கத்தைத் திறந்தேன். இயற்கை எழில் கொஞ்சியது. மூன்றாவதிலும் கொஞ்சியது. இருபத்தெட்டிலும் ஒரே கொஞ்சல். பாத்திமா கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார், பிள்ளைகள் கையெழுத்து பிசகாமல் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் கட்டுரை எழுதுவது என்றால் அதுதான். நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம்.

கோபப்பட எனக்கு அருகதை இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே பள்ளியில் வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கியவள் நான்தான். கணினி அறையில் எட்டுக் கணினி, நான்கு வேலை செய்யும். பிள்ளைகள் எழுதியதை வாங்கி நானே தட்டச்சு செய்வேன். தட்டும்போதே ஒரு சொல்லை மாற்றுவேன், பிறகு ஒரு வரியை, பிறகு எல்லாவற்றையும். வெளியில் வந்தபோது முப்பது பிள்ளைகளும் என்னைப்போலவே எழுதினார்கள். தலைமையாசிரியர் படித்துவிட்டு, “புள்ளைங்க என்னமா எழுதுதுங்க, டீச்சர்!” என்றார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் திரையில் தன் பெயரைப் பார்த்து முழுக்கப் படித்துவிட்டு, “மிஸ், இது நான் எழுதுனதா?” என்று கேட்டது. “நீ எழுதினதுதாம்மா. நான் கொஞ்சம் சரி பண்ணேன்” என்றேன். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தது. அப்போது எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

இப்போது சமையலறை மேசையில் இருபத்தெட்டு ஒரே மாதிரிக் கட்டுரைகள். சோஃபியிடம் இவற்றை எப்படிக் கொடுப்பது? மெலனியின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டைப் படித்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். மெலனி முகம் சுண்டிப்போகும். உன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒன்றும் சொல்லத் தெரியாதா என்று அவள் கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வேன்? பாத்திமாவைக் கூப்பிட்டு வேறு மாதிரி எழுதச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தது. அதைவிட, எனக்கு எழுத ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை.

எழுதினேன். மூன்று வாரம், தினமும் இரண்டு மணியிலிருந்து நாலரைவரை. பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாழ்க்கையைக் கொடுத்தேன். திருநள்ளாறு பையன் ஒருவன் சனிக்கிழமைகளில் மாடியில் நின்று வெளியூர் பஸ்களின் நிறத்தை எண்ணுவான். இன்னொருத்தியின் வாப்பா துபாயிலிருந்து வரும்போது பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்க வேறு நாட்டு வாசனை அடிக்கும். மீனவக் கிராமமான கருக்களாச்சேரி என்று முகவரி போட்டிருந்த தர்ஷினி என்ற பெண்ணுக்குத்தான் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தேன். அவள் அப்பா மீன்பிடிப் படகில் போவார். அவளிடம் ஜிம்மி என்று ஒரு கறுப்பு நாய். விடியற்காலையில் இருவரும் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை படகு வந்தாலும் அப்பா படகின் இன்ஜின் சத்தம் கேட்டதும் ஜிம்மி எழுந்து நிற்கும்.

அதை எழுதிய அன்று காற்றில் உப்புப் பிசுபிசுப்பு இருந்ததைச் சத்தியமாக என் கையில் உணர்ந்தேன். நான் டவுனில் பிறந்தவள். விடியற்காலையில் கருக்களாச்சேரிக் கரையில் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் அந்த மூன்று வாரம் அங்கேதான் குடியிருந்தேன். இந்த ஒன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

5

வலைப்பூ களைகட்டியது. சோஃபி சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு காரைக்கால் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மெலனி தர்ஷினியை எடுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, அவளாகத்தான் எடுத்தாள். ஜிம்மியைப் படம் வரைந்து வலைப்பூவில் போட்டாள். அடியில் கேள்வி: ‘அப்பா வர நேரமானால் ஜிம்மி என்ன செய்யும்?’

கேள்விகள் வந்து குவிந்தபோதுதான் எனக்கு உதறல் எடுத்தது. அவற்றை எப்படிப் பாத்திமாவுக்கு அனுப்புவது? அனுப்பவில்லை. ‘உங்கள் ஊர் அழகாக உள்ளது, வாழ்த்துகள்’ என்று பொதுவாக நாலு வரி தமிழில் எழுதி அனுப்பிவிட்டு, மெலனி வரைந்த நாய்ப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பிள்ளைகளின் பதில்களை நானே எழுதினேன். ‘ஜிம்மி குரைக்காது. கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.’ மெலனி அதை எனக்கே வாசித்துக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது. ஊரைப் பற்றி அவள் என்னிடம் கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான். கருக்களாச்சேரி எங்கே இருக்கிறது, அடுத்த தடவை போகும்போது அங்கே போகலாமா, நாய்க்கு இங்கிருந்து என்ன வாங்கிப் போகலாம்? நாலு வயதிலும் ஏழு வயதிலும் ஊருக்குக் கூட்டிப்போனபோது வெயிலையும் வயிற்றுவலியையும் தவிர எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத பெண் இவள்.

பிப்ரவரியில் சோஃபி இரண்டு வகுப்பும் காணொளியில் சந்திக்க ஏற்பாடு செய்தார். பாத்திமாவுடன் அவரே மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் பேசி நேரம் குறித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். இங்கே காலை ஒன்பதரை, அங்கே மத்தியானம் இரண்டு. மொழிபெயர்க்க நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். என் பழைய பள்ளியின் மின்விசிறியும் பச்சைச் சுவரும் சுவரளவு பெரிதாகத் தெரிந்தன. பாத்திமா கை காட்டினார். பிள்ளைகள் ஒரே குரலில் “போன்ழூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்கள். எனக்கு அழுகையும் பயமும் சேர்ந்து வந்தன.

முதலில் பெயர்கள், பிறகு ஒரு பாட்டு. பிறகு சோஃபி, யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். மெலனி என்னைப் பார்க்கவேயில்லை. நேரே திரைக்கு முன்னால் போய் நின்று தமிழிலேயே கேட்டாள். வகுப்புக்கு முன்னால் அவள் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை.

“தர்ஷினி... ஜிம்மி எங்க? உன் நாய். எனக்குக் காட்டு.”

இரட்டைச் சடையோடு ஒரு பெண் எழுந்து பாத்திமாவைப் பார்த்தது, பிறகு எங்களைப் பார்த்தது.

“எங்க வூட்ல நாயே இல்லியே. எனக்கு நாய்ன்னா பயம்.”

“என்ன சொல்கிறாள்?” என்று சோஃபி ஆவலாக என்னிடம் கேட்டார். இருபத்தாறு பிள்ளைகளும் என் வாயைப் பார்த்தார்கள்.

“நாய் வீட்டில் இருக்கிறதாம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாதாம்” என்றேன்.

வகுப்பு சிரித்தது. மெலனி சிரிக்கவில்லை. தர்ஷினி சொன்னது அந்த அறையில் என்னைத் தவிர அவளுக்கு மட்டும்தான் புரிந்திருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

6

நாலரைக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். வலைப்பூவில் முதல் பெயரைத் தொட்டு, “இது உண்மையா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“இது?”

“இல்லை.”

“பஸ்ஸை எண்ணுறவன்?”

“இல்லை, மெலனி.”

இருபத்தெட்டுப் பெயரையும் கேட்டாள். இடையில் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. முடித்ததும், “நான் யாருக்கு எழுதிக்கிட்டிருந்தேன்?” என்றாள். ‘எனக்கு’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சோஃபியிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தை எடுத்து என் கையெழுத்து தெரியும்படி வைத்தார். மூன்றாவது வரியைக் காட்டினார். குழந்தையின் எழுத்து குழந்தைக்கே சொந்தம், பெரியவர்கள் எழுத்துப்பிழையைத் தவிர எதையும் மாற்றக் கூடாது. நான் தலையைக் குனிந்து நின்றேன். வயது நாற்பத்து மூன்று. பி.எட். முதல் வகுப்பு.

“பிள்ளைகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

சொன்னேன். தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், கரும்பலகைக்கு முன்னால் நின்று, என் மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க. ஒரு பையன் கை தூக்கினான்.

“அப்படீன்னா ஜிம்மி சாகலையே?”

“இல்லை. அது பிறக்கவேயில்லை.”

அவன் யோசித்துவிட்டு, அது பரவாயில்லை என்றான். மற்றவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் அழுதது. சோஃபி அந்தப் பதிவுகளை அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரி சேர்த்தார்: ‘இதை இந்தப் பெயருள்ள குழந்தை எழுதவில்லை.’ இன்றும் அது அப்படியே இருக்கிறது, போனால் படிக்கலாம். காரைக்கால் பிள்ளைகள் மீண்டும் எழுதச் சம்மதித்தால் தொடரலாம், இல்லாவிட்டால் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னார். மொழிபெயர்க்கும்போது என் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. யார் உட்காருவது என்று பேச்சு வந்தபோது மெலனி எழுந்து நின்றாள்.

7

பாத்திமாவிடம் சொல்வதுதான் இருந்ததிலேயே கஷ்டம். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“எங்க புள்ளைங்க எழுதுனது நல்லா இல்லன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல, டீச்சர்?”

“சொல்லிருக்கணும், பாத்திமா. தப்புதான்.”

“போர்டுல எழுதிப் போட்டு பாத்து எழுத வைக்கிறது நான் யார்ட்ட கத்துக்கிட்டேன்? நான் வேலைக்கு வந்தப்ப நீங்கதான சீனியர். அது போவுது. அங்கேருந்து கேள்வி வரும், கேள்வி வரும்னு இதுங்க தெனம் என் உசுர வாங்குச்சுங்க. வாழ்த்துகள்னு நாலு வரி வந்துச்சு. அதையே நோட்டுல எழுதி வச்சிருக்குதுங்க, அல்லாவே.”

நான் அழுதேன். நான் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு அவர், “சரி, நாளைக்கு எழுதச் சொல்றேன். போர்டப் பக்கமே போவ மாட்டேன், போதுமா?” என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் போன். “டீச்சர், ஒரு பீரியட் முழுக்க உக்காந்திருக்குதுங்க. எழுதுங்கடான்னா, ‘மிஸ், நீங்க இன்னும் போர்டுல எழுதலியே’ங்குதுங்க.” இருவரும் சிரித்துவிட்டோம். மூன்றாவது நாள்தான் முதல் பிள்ளை பேனாவைத் திறந்ததாம்.

மார்ச்சில் பக்கங்கள் வந்தன. சிலது மூன்றே வரி. ‘எங்க ஊரில் எனக்குப் பிடித்தது பஸ் ஸ்டாண்டு. அங்குதான் எங்க பெரியம்மா இறங்குவாங்க.’ ‘எங்கள் வீட்டில் வைஃபை இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவர்கள் நல்லவர்கள்.’ திருநள்ளாறு பையனுக்குச் சனிக்கிழமையே பிடிக்காதாம், கூட்டத்தில் சைக்கிள் ஓட்ட முடியாதாம். நான் கொடுத்த வாழ்க்கை ஒன்றுகூட ஒருவருக்கும் பொருந்தவில்லை.

மெலனி பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் ஒரு காகிதத்தைக் கொடுத்து, எழுத்துகளை எழுதிக் காட்டச் சொன்னாள். எவ்வளவோ கெஞ்சியும் இரண்டு நாளுக்குமேல் அ, ஆ படிக்காதவள் இப்போது தானாகக் கேட்கிறாள். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், என்னை நம்பி விட்டுவிட முடியாது என்பதற்காகத்தான் கேட்கிறாள். அளவுகோலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்து, நான் சொல்வதையும் நோட்டில் இருப்பதையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். சந்தேகம் வந்தால், “இது எது?” என்று விரலை வைப்பாள். நானும் சொல்லுவேன். ஒரு மாதம் இப்படிப் போயிற்று.

தர்ஷினியின் பக்கம் கடைசியாக வந்தது. போன புதன்கிழமை, பள்ளி இல்லாத நாள். நான் வாசிக்க வாசிக்க மெலனி பிரெஞ்சில் தட்டிக்கொண்டே வந்தாள்.

‘என் வீட்டில் நாய் இல்லை. எனக்கு நாய் என்றால் பயம். மெலனி வரைந்த நாய் அழகாக இருந்தது, அது படம் என்பதால் பயம் இல்லை. எங்க அப்பா ஏசி மெக்கானிக். அவர் படகில் போக மாட்டார், வாந்தி வரும். எங்க வீட்டிலிருந்து கடல் தெரியாது. மாடியில் ஏறினால் செல்போன் டவர் தெரியும். எனக்குக் கணக்குப் பிடிக்கும். மெலனிக்கு என்ன பிடிக்கும்?’

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. கண்ணை ஓட்டினேன். “என் பேரில் எழுதியது எங்க ஊர் டீச்சர் என்று மிஸ் சொன்னாங்க” என்று முதல் வரியைச் சொல்லிவிட்டு, “அவ்வளவுதான், நன்றி வணக்கம்” என்று முடித்தேன்.

மெலனி தட்டச்சை நிறுத்தினாள். அளவுகோலை ஒரு வரி கீழே இறக்கினாள். உதடு அசைய, மெதுவாக எழுத்துக்கூட்டினாள்.

“இங்க ‘ஊர்’னு இருக்கு,” என்றாள் தமிழில். “கீழயும் ‘ஊர்’னு இருக்கு. நீ ஒரு தடவதான் சொன்னே.”

அவள் காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

“‘அவங்க எங்க ஊர்க்காரங்க என்றால், எங்களைப் பற்றி எங்களிடம் கேட்டிருப்பாங்க.’”

மெலனி திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

“அது உண்மையா, மம்மா?”

“உண்மைதான்.”

“அப்ப போடணும்,” என்று சொல்லிவிட்டு, அந்த வரியையும் பிரெஞ்சில் தட்டி அனுப்பினாள்.